வைடால் ரிப்போர்ட்டில் '1:160'... இந்த எண்ணை எப்படிப் படிக்கணும்?

காய்ச்சல் நாலு நாளா விடலைன்னா, நம்ம ஊர்ல அடுத்து நடப்பது என்னன்னு எல்லோருக்கும் தெரியும். லேப்ல ரத்தம் கொடுப்போம். சாயங்காலம் ரிப்போர்ட் வரும். அதில் 'வைடால் டெஸ்ட்' என்ற தலைப்பின் கீழ் நாலு வரி இருக்கும். டைஃபி ஓ 1:160, டைஃபி எச் 1:80, பாராடைஃபி ஏஎச் 1:20, பிஎச் 1:20. கூடவே தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று ஒரு வார்த்தை.

அவ்வளவுதான், வீட்டில் டைஃபாய்டு உறுதி ஆயிடும். "போன வாரம் 80 இருந்துச்சு, இப்போ 160 ஆயிடுச்சாம்" என்று சொந்தக்காரர்களுக்கு போன் போகும். சிலர் ரிப்போர்ட்டோட நேரா மெடிக்கல் ஷாப்புக்கே போய் மாத்திரை வாங்கிடுவாங்க.

ஆனால் அந்த 160 எதன் அளவு? கிருமியின் எண்ணிக்கையா? நோயின் தீவிரமா? ரெண்டும் இல்லை. அது ஒரு நீர்த்தல் கணக்கு. லேப்ல சீரத்தை எத்தனை மடங்கு தண்ணியாக்கினாங்க என்பதைச் சொல்லும் எண். இந்தக் கணக்கு ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை, எட்டாம் வகுப்பு பின்னம் தெரிந்தால் போதும். அது புரியாததால், தேவையில்லாத ஆன்டிபயாடிக் உடம்புக்குள் போகிறது என்பதுதான் பிரச்சினை.

முதலில் அடிப்படைக் கணக்கு

ஆய்வகத்தில் எந்தக் கரைசலை நீர்த்தாலும் ஒரே விதிதான். முதல் செறிவையும் எடுத்த அளவையும் பெருக்கினால் வருவதும், கடைசிச் செறிவையும் கடைசி அளவையும் பெருக்கினால் வருவதும் சமம். காரணம் சிம்பிள்: தண்ணி சேர்த்தால் கரைசலின் அளவுதான் கூடும், அதில் கரைந்திருக்கும் பொருள் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

ஒரு உதாரணம். கையில் இருப்பது ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள கரைசல். தேவைப்படுவது ஒரு மி.லி.க்கு 2 மி.கி. உள்ள கரைசல், 50 மி.லி. அப்படியென்றால் 2-ஐ 50-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கணும். விடை 1. அதாவது 1 மி.லி. மூலக் கரைசலை எடுத்து, மொத்தம் 50 மி.லி. வரும்வரை தண்ணி சேர்க்கணும். சேர்க்க வேண்டிய தண்ணி 49 மி.லி., 50 இல்லை. பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நன்னாரி சர்பத் பாட்டிலை நினைச்சுக்கோங்க. 'ஒண்ணுக்குப் பத்து' என்று ஒருத்தர் சொன்னால், ஒரு பங்கு சர்பத்தோடு பத்து பங்கு தண்ணியா, இல்லை மொத்தமே பத்து பங்கா? முதல் கணக்கில் சர்பத் 11-ல் ஒரு பங்கு. இரண்டாவதில் 10-ல் ஒரு பங்கு. சர்பத்துக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 'ஒண்ணுக்கு ரெண்டு' என்று வரும்போது ஒருத்தர் பாதியாக்குவார், இன்னொருத்தர் மூன்றில் ஒரு பங்காக்குவார். இதையே அஞ்சு தடவை அடுத்தடுத்து செய்தால் முதல் ஆளுக்கு 32-ல் ஒரு பங்கு கிடைக்கும், இரண்டாவது ஆளுக்கு 243-ல் ஒரு பங்கு. ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! வாயால் சொன்னது என்னவோ ஒரே வார்த்தைதான்.

மருத்துவ ஆய்வகங்களில் 1:20 என்றால் மொத்தம் 20 பங்கில் ஒரு பங்கு சீரம் என்பதுதான் வழக்கம். இதை முதலில் மனசுல வெச்சுக்கணும்.

ஒரே தடவையில் ஏன் கலக்கக் கூடாது?

10 லட்சம் மடங்கு நீர்க்கணும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் செய்வதென்றால், ஒரு மைக்ரோலிட்டர் மாதிரிக்கு ஒரு லிட்டர் தண்ணி வேணும். ஒரு மைக்ரோலிட்டரைப் பிசகாமல் அளந்து எடுப்பதே பெரும்பாடு.

அதுக்குத்தான் தொடர் நீர்த்தல், அதாவது சீரியல் டைலூஷன். 0.1 மி.லி. மாதிரியை 0.9 மி.லி. தண்ணியில் விட்டால் 10 மடங்கு. அந்தக் கலவையிலிருந்து 0.1 எடுத்து அடுத்த 0.9-ல் விட்டால் 100 மடங்கு. இப்படி ஆறு குழாய் தாண்டினால் 10 லட்சம் மடங்கு. மொத்தம் செலவான தண்ணி 5.4 மி.லி.தான். ஒவ்வொரு படியிலும் மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போகணும், கூட்டக் கூடாது. கணக்கு இவ்வளவுதான்.

பாலிலும் தண்ணீரிலும் பாக்டீரியாவை எண்ணுவதற்கும் இதே வழிதான். 10,000 மடங்கு நீர்த்த கலவையில் 0.1 மி.லி.யைத் தட்டில் பரப்பி, மறுநாள் 150 புள்ளிகள் முளைத்திருந்தால், 150-ஐ 0.1-ஆல் வகுத்து 10,000-ஆல் பெருக்கணும். ஒரு மி.லி.யில் 1.5 கோடி. நேரடியாக எண்ண முடியாத ஒன்றை, எண்ணக்கூடிய அளவுக்குக் குறைத்து, பிறகு கணக்கால் திரும்பப் பெரிதாக்கும் வித்தை இது.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. பிழையும் சேர்ந்து பெருகும். 0.1 எடுக்க வேண்டிய பிப்பெட் ஒவ்வொரு முறையும் 0.105 எடுக்கிறது என்று வைங்க. வெறும் 5 சதவீதம்தானே? ஆறு படி தாண்டும்போது கடைசிக் குழாயில் இருக்க வேண்டியதை விட சுமார் 30 சதவீதம் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் நல்லா கலக்கணும், பிப்பெட் முனையை மாற்றணும் என்று ஆய்வகத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, வைடாலில் நடப்பது என்ன?

பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் ஜார்ஜ் ஃபெர்னாண்ட் வைடால் 1896-ல் முன்வைத்த பரிசோதனை இது. டைஃபாய்டு கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். நோயாளியின் சீரத்தோடு, கொல்லப்பட்ட கிருமிகள் கலந்த திரவத்தைச் சேர்த்தால், அந்த ஆன்டிபாடி கிருமிகளைப் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கும். பால் திரிவது மாதிரி கண்ணுக்குத் தெரியும். இதில் கிருமியின் உடல் பகுதிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பது 'ஓ'. அது நீந்தப் பயன்படுத்தும் கசைக்கு எதிரானதைப் பார்ப்பது 'எச்'.

குழாய் முறையில் இப்படிச் செய்வார்கள். முதல் குழாயில் 1.9 மி.லி. சலைன், அதில் 0.1 மி.லி. சீரம். மொத்தம் 2 மி.லி. 0.1-ஐ 2-ஆல் வகுத்தால் இருபதில் ஒன்று. அதுதான் 1:20. மற்ற குழாய்களில் தலா 1 மி.லி. சலைன் தயாராக இருக்கும். முதல் குழாயிலிருந்து 1 மி.லி. எடுத்து இரண்டாவதில் விட்டால் பாதியாகும், 1:40. அங்கிருந்து 1 மி.லி. மூன்றாவதுக்கு, 1:80. அப்புறம் 1:160, 1:320, 1:640. கடைசிக் குழாயிலிருந்து 1 மி.லி. எடுத்துக் கீழே கொட்டிவிடுவார்கள். எல்லாக் குழாயிலும் ஒரே அளவு திரவம் இருக்கணுமே, அதுக்காக.

பிறகு எல்லாவற்றிலும் அந்தக் கிருமித் திரவத்தைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ராத்திரி முழுக்க வைப்பார்கள். சீரம் சேர்க்காத ஒரு குழாயும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும். காலையில் எந்தக் குழாய் வரைக்கும் திரிந்திருக்கிறது என்று பார்க்கணும். கடைசியாகத் திரிந்த குழாயின் எண்தான் டைட்டர். 1:160 வரை திரிந்து 1:320-ல் திரியவில்லை என்றால் ரிப்போர்ட்டில் '1:160'.

ஆக, 160 என்பது ஒரு ஏணிப்படியின் பெயர். ஆன்டிபாடி இவ்வளவு மி.கி. இருக்கிறது என்று அது சொல்லவில்லை. சீரத்தை 160 மடங்கு தண்ணியாக்கிய பிறகும் வேலை செய்யும் அளவுக்கு ஆன்டிபாடி இருந்தது, 320 மடங்கில் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

80-லிருந்து 160... ஏன் பயப்பட வேண்டாம்?

இங்கதான் விஷயம் இருக்கு. இந்த ஏணியில் 80-க்கும் 160-க்கும் நடுவில் படியே கிடையாது. உண்மையில் 155 மடங்கு வரை திரியக்கூடிய சீரத்துக்கு ரிப்போர்ட்டில் 1:80 என்றுதான் வரும். 165 மடங்கு வரை திரியக்கூடிய சீரத்துக்கு 1:160 வரும். ரெண்டு பேருக்கும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அளவு ஆன்டிபாடி. காகிதத்தில் மட்டும் இரட்டிப்பு!

கண்ணால் பார்த்து 'திரிந்திருக்கு, திரியலை' என்று முடிவெடுக்கும் பரிசோதனை இது. லேசாகத் திரிந்த குழாயை ஒருத்தர் கணக்கில் எடுப்பார், இன்னொருத்தர் விட்டுவிடுவார். பிப்பெட் பிழையும் உண்டு. அதனால் ஒரு படி ஏறுவதோ இறங்குவதோ இந்த முறையின் இயல்பான ஆட்டம். இதனால்தான் மருத்துவப் பாடப்புத்தகங்கள் நான்கு மடங்கு உயர்வைக் கேட்கின்றன. முதலில் ஒரு ரத்த மாதிரி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு மாதிரி. 1:40 இருந்தது 1:160 ஆனால், அதாவது ரெண்டு படி ஏறினால், அதற்கு அர்த்தம் உண்டு.

ஆனால் நடைமுறையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மாதிரிதான். அந்த ஒற்றை எண் எதையெல்லாம் சொல்லாது தெரியுமா? எப்போதோ வந்துபோன டைஃபாய்டின் மிச்ச ஆன்டிபாடியாக இருக்கலாம். வேறு சால்மோனெல்லா வகைகளோ, மலேரியா, டெங்கு போன்ற காய்ச்சல்களோகூட இந்தப் பரிசோதனையில் பொய்யான பாசிட்டிவ் காட்டக்கூடும். டைஃபாய்டு அதிகம் புழங்கும் பகுதிகளில் ஆரோக்கியமாக நடமாடுபவர்களின் ரத்தத்திலும் ஓரளவு டைட்டர் இருக்கும். அதனால்தான் எந்த எண்ணுக்கு மேல் கவனிக்கணும் என்ற எல்லை ஊருக்கு ஊர் மாறும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆன்டிபாடி உருவாக நாள் ஆகும். 'ஓ' வகை ஏறவே ஒரு வாரம் பிடிக்கும், 'எச்' அதற்கும் பின்னால் வரும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வைடால் எடுத்து 'நெகட்டிவ்' வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பதும் தப்புதான்.

லேபுக்கு லேப் மாறுவது ஏன்?

"அந்த லேப்ல 80, இந்த லேப்ல 160. எது கரெக்ட்?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கலாம். ரெண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு முறையில், நீர்த்த சீரத்தோடு கிருமித் திரவத்தை ஒரே ஒரு சொட்டு சேர்ப்பார்கள். செறிவு பெரிதாக மாறாது. வேறொரு முறையில் சம அளவு சேர்ப்பார்கள். அப்போது 1:80 குழாய் அந்த நொடியே 1:160 ஆகிவிடும். சேர்ப்பதற்கு முந்தைய எண்ணை எழுதினார்களா, பிந்தைய எண்ணையா என்பதைப் பொறுத்து ரிப்போர்ட் மாறும்.

இன்னொன்று, ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லும் ஸ்லைடு முறை. இதில் குழாய் வரிசையே கிடையாது. கண்ணாடித் தட்டில் 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் என்று சீரத்தைப் பாதி பாதியாகக் குறைத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு கிருமித் திரவம் விடுவார்கள். 80 மைக்ரோலிட்டருக்கு 1:20, 40-க்கு 1:40, 10-க்கு 1:160 என்று பெயர். அதாவது, 'குழாயில் செய்திருந்தால் ஏறக்குறைய இந்தப் படி' என்ற மதிப்பீடு. இதில் பாசிட்டிவ் வந்தால் குழாய் முறையில் உறுதி செய்யணும். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்க்கும் நமக்கு ரெண்டும் ஒரே மாதிரி '1:160' என்றுதான் தெரியும்.

என் வாதம் இதுதான்

வைடாலையே தடை பண்ணுங்க என்று சொல்ல வரவில்லை. பிளட் கல்ச்சர்தான் உறுதியான வழி என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். ஆனால் அதற்குச் செலவு அதிகம், முடிவுக்குச் சில நாள் காத்திருக்கணும், எல்லா ஊரிலும் வசதி இல்லை. ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் கிருமி வளராமலும் போகலாம். நல்லபடி செய்த கல்ச்சரும் கணிசமான நோயாளிகளைத் தவறவிடும். காய்ச்சலில் துவளும் குழந்தையோடு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்பவரிடம் "அஞ்சு நாள் பொறுங்க" என்று சொல்ல முடியாத டாக்டரின் நிலைமையும் புரிகிறது.

ஆனால் கல்ச்சரால் மட்டுமே முடிந்த ஒரு வேலை இருக்கிறது. எந்த மருந்து வேலை செய்யும் என்று அது சொல்லும். வைடால் ஒருநாளும் சொல்லாது. ஒரு காலத்தில் டைஃபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளோக்சசினுக்கு இன்று இந்தியாவில் பரவும் கிருமிகள் பெரும்பாலும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தொடங்கிப் பரவிய வகை, வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்படாமல் போனது. இப்படி ஒரு காலத்தில், ஒரு ஏணிப்படியின் எண்ணை மட்டும் நம்பி மாத்திரை போடுவது எவ்வளவு பெரிய ரிஸ்க்?

எண்ணை எழுதும் விதத்தை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும். இதற்கு முன்னுதாரணமும் இருக்கு. அட்ரினலின் ஊசி மருந்தில் 1:1000, 1:10,000 என்று விகிதத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. அவசரத்தில் ஒரு பூஜ்யம் தவறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அதனால் அமெரிக்காவில் 2016 முதல், ஒரே மருந்து மட்டும் உள்ள ஊசிகளின் லேபிளில் இந்த விகிதங்களை எடுத்துவிட்டார்கள். 1:1000-க்குப் பதில் மி.லி.க்கு 1 மி.கி., 1:10,000-க்குப் பதில் மி.லி.க்கு 0.1 மி.கி. மருந்து அதேதான். எழுதும் முறை மட்டும்தான் மாறியது.

டைட்டரை மி.கி.யில் எழுத முடியாது, ஒத்துக்கிறேன். ஆனால் ரிப்போர்ட்டில் மூன்று வரி சேர்க்க முடியுமே. ஒன்று, செய்தது ஸ்லைடு முறையா, குழாய் முறையா. இரண்டு, இந்த எண் சீரத்தை நீர்த்த மடங்கு, நோயின் அளவு அல்ல. ஒரு படி வித்தியாசம் இயல்பானது. மூன்று, இந்த ஒற்றை முடிவை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று முடிவு செய்ய வேண்டாம். இதைத் தமிழிலும் அச்சிடணும். ஆங்கிலத்தில் 'கிளினிக்கலி கோரிலேட்' என்று அடியில் பொடி எழுத்தில் போடுவது யாருக்காக? நோயாளிக்காக நிச்சயமாக இல்லை.

நாம என்ன செய்யலாம்?

வைடால் எழுதிக் கொடுத்தால், "பிளட் கல்ச்சர் எடுக்க முடியுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. எடுப்பதாக இருந்தால் முதல் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுப்பதுதான் பலன் தரும். காய்ச்சல் எத்தனையாவது நாள், முன்பு டைஃபாய்டு வந்திருக்கா, தடுப்பூசி போட்டிருக்கா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டீங்க என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. எண்ணை விட இந்தத் தகவல்கள்தான் அவருக்கு அதிகம் உதவும். ரிப்போர்ட்டை நேரா மெடிக்கல் ஷாப்புக்கு எடுத்துப் போகாதீங்க. அதே சமயம், டாக்டர் பரிசோதித்துப் பார்த்து மருந்து கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரையைக் காட்டி அதைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

குணமான பிறகு "நெகட்டிவ் ஆயிடுச்சா பார்க்கலாம்" என்று திரும்ப வைடால் எடுப்பதும் வீண் செலவு. கிருமி போன பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அதைப் பார்த்து இன்னொரு ரவுண்டு மாத்திரை போடுபவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூட லேபில் ஒரு பாட்டில் நீல மை, ஆறு குழாய், ஒரு பிப்பெட் இருந்தால் தொடர் நீர்த்தலை ஒரே பீரியடில் செய்து காட்டிவிடலாம். ஒவ்வொரு குழாயிலும் நிறம் பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு 1:160 என்ன என்று வாழ்நாளுக்கும் மறக்காது. வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட் வரும்போது, "அது படியோட நம்பர்தான்மா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்திரை வாங்கலாம்" என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.